பெரிய மச்சான் கொண்டுவந்த பிரிண்டர்

என் வேலை மலையாளத்தைத் தமிழாக்குவது. கதை, கவிதை என்று நினைத்துவிட வேண்டாம். எல்லையில் இருக்கும் புளியறைக்கு அந்தப் பக்கம் லாரி மோதினால் கேரளா போலீஸ் மலையாளத்தில் எஃப்.ஐ.ஆர். எழுதும். அடிபட்டவர் நம்ம பக்கத்துக்காரர் என்றால் நஷ்டஈட்டு வழக்கைத் தென்காசியில் போடுவார்கள். நடுவில் அந்தக் காகிதம் தமிழாக வேண்டும். என் உம்மாவின் ஊர் ஆரியங்காவு தாண்டி, கேரளாவில் இருக்கிறது. பத்தாவது வரை நான் அங்கேதான் படித்தேன். அதனால் வக்கீல்கள் என்னிடம் வருவார்கள். நான் தமிழில் அடித்து, பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் சரியான மொழிபெயர்ப்பு என்று கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்து, மூலத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும்.

தென்காசியை ஒட்டிய மேலகரத்தில் எங்கள் வீட்டு மாடியில் இதற்கென்று ஒரு அறை இருக்கிறது. மேஜை, கம்ப்யூட்டர், மூன்று அகராதி. நான் அதை ஆபீஸ் என்பேன். மற்றவர்கள் மாடி என்பார்கள். "அவ மாடியில இருக்கா" என்று என் மாமி, அதாவது மாமியார், போனில் சொன்னால், கேட்பவர்கள் நான் வத்தல் காயப்போடப் போயிருப்பதாகத்தான் நினைப்பார்கள்.

பிரிண்டுக்கும் ஸ்கேனுக்கும் தென்காசியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கடைக்கார அண்ணாச்சி நல்ல மனிதர், வேலை சுத்தம். ஒரே ஒரு பழக்கம், மெஷினிலிருந்து வெளியே வரும் காகிதத்தைப் படிப்பார். மலையாளப் பக்கங்களை அப்படியே அடுக்கிவிடுவார், தமிழ்ப் பக்கங்களைத்தான் படிப்பார். ஒருநாள் கொல்லத்துக் குடும்பக் கோர்ட்டிலிருந்து வந்த ஒரு விவாகரத்து மனுவை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். மூன்றாம் பக்கம் வந்ததும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இதப் பாத்தா பொண்ணு மேல தப்பில்ல போலயே தங்கச்சி" என்றார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பேரும் எட்டிப் பார்த்து, அதை ஆமோதித்தார்கள்.

யாரோ ஒரு பெண்ணின் ரகசியம் மலையாளத்தில் இருந்தவரை பத்திரமாக இருந்திருக்கிறது. நான்தான் அதைத் தமிழாக்கி அண்ணாச்சி கையில் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் பிரிண்டர் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

மூன்று வாரம் படித்தேன். இணையத்தில் பிரிண்டரைப் பற்றி எழுதுபவர்கள் இரண்டே வகை. பெட்டியைத் திறக்கும் முன்பே ஐந்து நட்சத்திரம் கொடுப்பவர்கள் ஒரு வகை, பெட்டி நசுங்கியிருந்ததற்காக ஒரு நட்சத்திரம் கொடுப்பவர்கள் இன்னொரு வகை. நடுவில் உண்மையாக அதில் பிரிண்ட் எடுத்தவர்களைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் எனக்கு என்ன வேண்டும் என்பது தெளிவானது. கறுப்பு வெள்ளை லேசர். மேலே ஃபீடர் இருக்க வேண்டும். அதாவது ஐம்பது காகிதத்தை மொத்தமாக வைத்தால் ஒவ்வொன்றாகத் தானே இழுத்து ஸ்கேன் செய்ய வேண்டும். இரண்டு பக்கமும் தானே அடிக்க வேண்டும். கலர் வேண்டாம். எந்தப் போலீஸும் கலரில் எஃப்.ஐ.ஆர். எழுதுவதில்லை. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, மாடலையும் குறித்து, வீட்டுக்காரரிடம் கொடுத்தேன்.

அவர் தென்காசியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். தாளை வாங்கி, குக்கர் பில்லைப் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எதுக்கும் காக்காட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்" என்றார்.

காக்கா என்றால் அவருடைய அண்ணன். எனக்குப் பெரிய மச்சான். ஷார்ஜாவில் ஒரு குடோனில் சூப்பர்வைசர், இருபத்திரண்டு வருஷமாக அங்கேதான். குடோன் வழியாகச் சோப்பு, டயர், ஏசி, குழந்தைகள் சைக்கிள் எல்லாம் போய்வருவதால், உலகத்தில் உள்ள எல்லாப் பொருளைப் பற்றியும் கடைசி வார்த்தை அவருடையது. போன தடவை எங்கள் கிணற்று மோட்டார் எரிந்ததற்கும் அவர்தான் வீடியோ காலில் வைத்தியம் பார்த்தார். அதற்குப் பிறகு புது மோட்டார் வாங்கினோம்.

நான் எழுதிய தாளைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார் வீட்டுக்காரர். இரண்டு நிமிஷத்தில் பெரிய மச்சானிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"கலர் இல்லாத பிரிண்டரா? இந்தக் காலத்துல யாராவது வாங்குவாவளா? அங்கன ஒண்ணும் வாங்காதிய. அங்கன வாறதெல்லாம் ரெண்டாம் தரம். நான் லீவுல வரும்போது இங்கன இருந்து ஒரிஜினலாக் கொண்டுட்டு வாறேன்."

கீழே பதினோரு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அதில் ஆறு பேருக்கு இது பிரிண்டர் விஷயம் என்றே தெரிந்திருக்காது. லீவுக்கு இரண்டு மாதம் இருந்தது.

"ஃபீடர் இருக்கணும்னு சொல்லுங்க" என்றேன்.

"அவாளுக்குத் தெரியாததா?" என்றார் வீட்டுக்காரர்.

அந்த இரண்டு மாதமும் பக்கத்துக்குப் பக்கம் கையால் மறைத்துக்கொண்டு அண்ணாச்சி கடையில் பிரிண்ட் எடுத்தேன். அவர் அதை அவமானமாக எடுத்துக்கொண்டு, என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டு மேடம் என்றார்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கி ஒரு வாரத்தில் பெரிய மச்சான் வந்தார். திருவனந்தபுரத்திலிருந்து கார் வந்து நின்றதும் முதலில் இறங்கியது பிரிண்டர்தான். பூப்போட்ட கம்பளியில் சுற்றி, நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, மேலே அவர் பெயரை மார்க்கரில் மூன்று பக்கம் எழுதியிருந்தது. பால்பவுடருக்கும் பேரீச்சம்பழத்துக்கும் நடுவில் ஹாலில் வைத்து, எல்லோரும் சுற்றி நிற்கக் கயிற்றை அறுத்தார்கள். வெள்ளையாக, வழுவழுப்பாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் மேல்மூடியைப் பார்த்தேன். ஃபீடர் இல்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரக் குழந்தை பலூனோடு சிரித்துக்கொண்டிருந்தது. வீட்டில் போட்டோ எடுத்து அச்சடிக்கிறவர்களுக்கான மெஷின்.

"எப்படி?" என்றார் பெரிய மச்சான்.

மாமி என்னைப் பார்த்தாள். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "நல்லாருக்கு மச்சான்" என்றேன். நாள் முழுக்க அடுத்தவர்களின் வாக்குமூலத்தைச் சொல் பிசகாமல் மொழிபெயர்க்கிறவள், என் வாக்குமூலத்தில் முழுப்பொய் சொன்னேன்.

அடுத்த நாள் காலையில் அவரே மாடிக்கு வந்து பொருத்த உட்கார்ந்தார். "மேனுவல் எல்லாம் தெரியாதவனுக்கு" என்று அந்தப் புத்தகத்தைத் தள்ளி வைத்தார். முதலில் மெஷின் எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. அவசரத்தில் எதையோ தொட்டுவிட்டார். குட்டித் திரை முழுக்க அரபி.

எங்கள் வீட்டில் எல்லோரும் அரபி ஓதுவோம். பொருள் சொல் என்றால் அதில் பாதிப்பேர் முழிப்போம், நானும் அந்தப் பாதியில்தான். ஆனால் இருபத்திரண்டு வருஷம் ஷார்ஜாவில் இருந்தவர் ஆயிற்றே என்று வீட்டுக்காரர், "நம்ம பாஷைதான காக்கா, படிச்சுச் சொல்லுங்க" என்றார் பெருமையாக. பெரிய மச்சான் திரையைக் கண்ணருகே கொண்டுபோனார். தூரத்தில் வைத்தார். குடோனில் அவர் பேசும் அரபி வா, போ, தூக்கு, முடிந்தது என்ற நான்கு சொல். அந்த நான்கும் திரையில் இல்லை.

"இது எகிப்துக்காரன் அரபி. இது வேற" என்றார்.

அரைமணி நேரம் எகிப்துக்காரனோடு சண்டை போட்டார். மெஷின் ஒருமுறை விக்கியது, ஒருமுறை விளக்கை அணைத்துப் போட்டது, ஒருமுறை வெள்ளைக் காகிதம் ஒன்றைத் துப்பியது. "பாத்தியா, வேலை செய்யுது" என்றார். பிறகு வைஃபையோடு சேர்க்கப் பார்த்தார், சேரவில்லை. "உங்க ஊரு நெட்டு சரியில்ல. இங்கன என்னத்த வச்சாலும் இப்பிடித்தான்" என்று எழுந்துவிட்டார். ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுவதாக யாரோ சொல்லியிருந்தார்கள். வீட்டு ஆண்கள் எல்லோரும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கத் துண்டோடு கிளம்பிப் போனார்கள்.

வீடு அமைதியானதும் மேனுவலை எடுத்தேன். மொழியை மாற்ற எத்தனையாவது வரியைத் தொட வேண்டும் என்று படமே போட்டிருந்தான். திரை ஆங்கிலத்துக்கு வந்தது. எங்கள் ரவுட்டர் ஒரே பெட்டியிலிருந்து வேகமானது ஒன்று, மெதுவானது ஒன்று என்று இரண்டு இணைப்புக் கொடுக்கும். இந்த மெஷின் மெதுவானதோடுதான் சேரும் என்பதும் அதே புத்தகத்தில் எழுதியிருந்தது. பெரிய மச்சான் வேகமானதையே பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டியிருக்கிறார். மாற்றினேன். மை டப்பாக்களின் மஞ்சள் டேப்பை உரித்து உள்ளே மாட்டினேன். பெரிய மச்சான் டேப்போடு மாட்டியிருந்தார். கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் அடித்துப் பார்த்தேன், வந்தது. எல்லாம் சேர்த்து நாற்பது நிமிஷம்.

மத்தியானம் தலை ஈரத்தோடு திரும்பி வந்தவர்களிடம், "பிரிண்டர் ஓடுது" என்றேன்.

"ஓடத்தான செய்யும். நான் காலையில போட்டது செட் ஆக நேரம் எடுக்கும். புது மெஷின்லா" என்றார் பெரிய மச்சான். நான் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தேன். அவருக்குக் குழம்பு ஊற்றினேன். கொஞ்சம் அதிகமாகவே ஊற்றிவிட்டேன்.

அன்று சாயங்காலம் திருவிழா தொடங்கியது. துபாய்க் கோபுரத்துக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்டு அவர் நிற்கும் போட்டோவை முழு ஏ-ஃபோரில் மாமிக்கு ஒன்று அடித்தார். மாமி கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அவருடைய மாமனார் வீட்டுக்கு ஒன்று, கடையநல்லூர்த் தங்கைக்கு ஒன்று, செங்கோட்டைச் சிநேகிதருக்கு ஒன்று. பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் பேரீச்சம்பழத்தோடு ஒரு போட்டோவும் கிடைத்தது. என் ஆபீஸில் உட்கார்ந்து என் மெஷினில் என் மையைத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கீழே டீ போட்டுக்கொண்டிருந்தேன். யாரோ ஒருத்தி, "உங்களுக்கு என்ன, வீட்டோட பிரிண்டர் வந்துட்டு" என்று என்னை வாழ்த்தினாள்.

பெரிய மச்சான் திரும்பிப் போன மூன்றாம் நாள் ஒரு வக்கீல் அறுபத்து நான்கு பக்கக் கட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டார். தென்மலை பக்கத்தில் லாரியில் அடிபட்டுக் கால் போன ஒருவரின் வழக்கு. வாய்தா நெருங்கிக்கொண்டிருந்தது. மொழிபெயர்ப்பை முடித்துவிட்டுப் பிரிண்ட் கொடுத்தேன். கலர் மை தீர்ந்துவிட்டது என்றது மெஷின். நான் கேட்டது கறுப்பு. கறுப்பு பாதி டப்பா இருந்தது. ஆனாலும் சிவப்பும் நீலமும் மஞ்சளும் இல்லாமல் கறுப்பைத் தொடமாட்டேன் என்று அடம்பிடித்தது. போகட்டும், மூலத்தையாவது ஸ்கேன் செய்துவைப்போம் என்று மூடியைத் திறந்து முதல் பக்கத்தை வைத்தேன். மை இல்லாமல் ஸ்கேனும் செய்யமாட்டேன் என்றது. ஸ்கேன் செய்ய எதற்கு மை? கண்ணால் பார்க்கிறதுக்குப் பேனா வேண்டும் என்கிற மாதிரி. கோபத்தில் மேஜையைத் தட்டினேன். மேஜைதான் ஆடியது.

டப்பாவின் நம்பரைக் குறித்துக்கொண்டு, வீட்டுக்காரரோடு தென்காசியில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். அதே நம்பர், அதே நிறம், அதே டப்பா கிடைத்தது. வீட்டில் வந்து மாட்டினால் இந்த நாட்டு டப்பா இந்த மெஷினுக்கு ஆகாது என்று எழுதிக் காட்டியது. மறுபடி கடை. கடைக்காரர் டப்பாவை வாங்கிப் பார்த்துவிட்டு, பேச்சைத் தொடங்கிய என்னை விட்டுவிட்டு வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"கல்ஃப்ல வாங்குனியளா? அப்பிடின்னா அங்க உள்ள மைதான் இறங்கும் சார். கம்பெனிக்காரனே அப்பிடித்தான் பூட்டி வச்சிருக்கான். இங்க என்ன குடுத்தாலும் குடிக்காது."

ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று பாட்டில் தண்ணீர் கேட்கும் லீவு மாப்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மெஷினிலும் அந்த ஜாதி உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

பெரிய மச்சானுக்குப் போன் போட்டோம். "அதுக்கு என்ன, வியாழக்கிழமை நம்ம ஆள் ஒருத்தன் வாறான். குடுத்து விடுதேன்" என்றார். வியாழக்கிழமை வந்த ஆள் வெள்ளிக்கிழமை ஜும்மா முடித்து, சனிக்கிழமை குடும்பத்தோடு குற்றாலத்தில் குளித்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஈரத் துண்டோடு வீட்டுக்கு வந்து ஒரு பொட்டலம் கொடுத்தார். பிரித்தேன். நம்பர் வேறு. நான் அனுப்பிய நம்பரைக் கடையில் காட்டாமல், வெள்ளைப் பிரிண்டருக்கு மை கொடு என்று கேட்டு வாங்கியிருக்கிறார் பெரிய மச்சான். வாய்தாவுக்கு இன்னும் மூன்று நாள்.

"ஜெராக்ஸ் கடையிலயே எடுத்துருவமே, ஒரு தடவதான" என்றார் வீட்டுக்காரர்.

அடிபட்டவருடைய ஆஸ்பத்திரிக் குறிப்புகள் முழுக்க அந்தக் கட்டில் இருந்தன. அதை அண்ணாச்சி வரிசையில் நிற்பவர்களுக்குப் படித்துக் காட்டி, கால் எப்படிப் போயிற்று என்று தீர்ப்புச் சொல்வதை நினைத்துப் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலையில் அவர் கடைக்குப் போனதும் ஆட்டோ பிடித்துத் தென்காசிக்குப் போனேன். அதே கம்ப்யூட்டர் கடை.

"சார் வரலியா?" என்றார் கடைக்காரர்.

"சாருக்குப் பிரிண்டர் வேண்டாம். எனக்குத்தான் வேணும்" என்றேன்.

கலரில் ஒன்றை எடுத்துக் காட்டினார். "இது எடுத்துக்கிடுங்க அக்கா, பிள்ளைகளுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு ஆகும்." எனக்குப் பிள்ளைகள் இல்லை என்றேன். அவர் சங்கடப்பட்டு வாயை மூடிக்கொண்டார். அந்த அமைதியைப் பயன்படுத்தி, வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். லேசர். கறுப்பு. ஃபீடர். இரண்டு பக்கம் தானே அடிக்கணும். இங்கேயே டோனர், அதாவது மைத்தூள், கிடைக்கணும். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்தார். "இதத்தான் வக்கீல் ஆபீஸ்ல எல்லாம் வாங்குதாவ. நீங்க வக்கீலா?" என்று கேட்டார். மரியாதை வந்திருந்தது. இல்லை என்று சொல்லி அதைக் கெடுப்பானேன் என்று சும்மா இருந்துவிட்டேன்.

சாரலில் நனையாமலிருக்கப் பெட்டிக்கு ஆட்டோக்காரர் தன் படுதாவையே அவிழ்த்துப் போர்த்திவிட்டார். மாடிக்கு ஏற்றியதும் முதலில் மேனுவலைப் படித்தேன். டோனரைக் கிடைமட்டமாக நாலு தரம் ஆட்டிவிட்டு மாட்டச் சொன்னான், ஆட்டினேன். மெதுவான வைஃபையில் சேர்த்தேன். முதலில் இரண்டு காகிதத்தை ஒட்டி இழுத்தது. சீசன் காற்றில் காகிதம் நமுத்துப்போயிருந்தது, மெஷின் மேல் குற்றமில்லை. புதுக் கட்டு ஒன்றைப் பிரித்து வைத்ததும் சரியானது. பிறகு அந்த மூலத்தை ஃபீடரில் வைத்தேன். ஒவ்வொரு பக்கமாக உள்ளே இழுத்து, வெளியே அடுக்கியது. அதை யாரும் படிக்கவில்லை. நானும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, அன்றைக்கே வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன்.

மாலையில் வந்த வீட்டுக்காரர் இரண்டு மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டேன். தாள்ல எழுதிக் கேட்டேன். நீங்க குரூப்புல போட்டிய."

அவர் வெள்ளைப் பிரிண்டரைத் தூக்கிக் கீழே கொண்டுபோனார். மாமி அதை ஹால் ஷோகேஸில் வைத்து, எம்பிராய்டரி போட்ட துணியால் மூடினாள். பிள்ளை கொண்டுவந்த பொருள், அவளுக்கு அது ஓட வேண்டும் என்ற அவசியமில்லை.

அடுத்த வாரம் பெரிய மச்சானே போன் செய்தார். விசா புதுப்பிக்கப் பழைய சர்டிபிகேட் எல்லாம் கம்பெனியில் கேட்கிறார்களாம், மாமியின் பீரோவில் இருக்கிறதாம், உடனே ஸ்கேன் வேண்டுமாம். பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக அனுப்பினேன்.

"பாத்தியா, நான் வாங்கித் தந்தது எப்பிடி வேலை செய்யுது" என்றார்.

இந்தத் தடவை பொய் வரவில்லை. "இது அது இல்ல மச்சான். இது நான் தென்காசியில வாங்குனது. அதுல ஃபீடரும் இல்ல, அதுக்கு இங்க மையும் இல்ல" என்றேன்.

எதிர்ப்பக்கம் குடோன் சத்தம் குறைந்தது, தள்ளிப் போய் நின்றிருப்பார். பிறகு, "ஃபீடர்னா என்னன்னு எனக்குத் தெரியாதும்மா. கடையில கேக்க வெக்கமா இருந்துச்சு. பெருசா இருந்த பெட்டியப் பாத்து எடுத்துட்டேன்" என்றார். வீட்டில் கேட்கிற குரலே இல்லை அது. அந்தப் பெட்டிக்காகத் தன் சாமானில் பாதியை அறையிலேயே விட்டுவிட்டு வந்ததாகவும் சொன்னார். எனக்கு இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தை நான் தாள் எழுதிக் கொடுத்த அன்றே என்மேல் யாராவது காட்டியிருந்தால் இரண்டு பேருக்குமே நல்லதாயிருந்திருக்கும் என்றும் தோன்றியது. "பரவாயில்ல மச்சான், விடுங்க" என்றேன்.

ஒரு மாதம் கழித்து, கடையநல்லூர்த் தங்கை தன் மகனுக்குப் பிரிண்டர் வாங்க வேண்டும், எது நல்லது என்று குடும்பக் குழுவில் கேட்டிருந்தாள். நான் எழுதத் தொடங்கும் முன்னால் ஷார்ஜாவிலிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்து விழுந்தது. "கல்ஃப்ல இருந்து பிரிண்டர் கொண்டுவரவே கூடாது. ஊர்லதான் வாங்கணும். ஃபீடர் இருக்கான்னு பாத்து வாங்கு. நான் இத அப்பவே சொன்னேன், எவனும் கேக்கல."

பதினான்கு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். முதல் விரல் என் வீட்டுக்காரருடையது.